அப்பாவுக்கு ஊற்றிய ஒரு சொம்பு

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. அங்கே எனக்கு ஓர் ஊர்க்காரர் கிடைத்தார். டொரன்டோவில் தமிழருக்குப் பஞ்சமில்லை. யாழ்ப்பாணம் கிடைக்கும், திருச்சி கிடைக்கும், நாகர்கோவில் கிடைக்கும். திண்டிவனம் பக்கத்து ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. இவருக்கு மயிலம். வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம்.

"இன்னாங்க, நம்ம ஊரா நீங்க?" என்று அவர் கேட்ட அந்த 'இன்னாங்க'வுக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்தவர் விடவே இல்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் நிற்கும் வரிசை, நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளில் பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னா, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வேகவைக்கும் வாசனை என்று பேசிக்கொண்டே போனோம். கையைப் பிடித்தபடியே, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

கையை உடனே உதறவில்லை. மரியாதை தெரிந்தவர். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நகர்ந்தார். கை கழுவும் தொட்டி நான் நின்ற இடத்திலிருந்தே தெரியும். சோப்பு போட்டு, முழங்கை வரை கழுவினார். என் மகள் அனிட்டாவும் அதைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. தமிழ் கேட்டால் புரியும், பேசினால் ஆங்கிலம்தான். அந்த அங்கிள் ஏன் சாப்பிடுவதற்கு முன்னாலேயே அப்படிக் கழுவுகிறார் என்று கேட்டாள். நல்ல பழக்கம் என்றேன்.

நான் செய்யும் வேலை இதுதான். இறந்தவர்களைக் குளிப்பாட்டி, முகத்தைச் சீர்செய்து, உடுத்தி, பெட்டியில் வைக்கிறேன். இதற்கு இங்கே படிப்பு உண்டு, உரிமம் உண்டு, வேலை செய்யும் இடத்துக்கு ஃபியூனரல் ஹோம் என்று பெயர். நம்மூரில் இந்த வேலைக்கு என்ன பெயர், அதைச் செய்கிறவரை என்னவென்று கூப்பிடுவோம் என்பது உங்களுக்கே தெரியும்.

கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. ஆனால் மயிலத்துக்காரரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? என் வீட்டார் செய்ததை அவரும் செய்தார், அவ்வளவுதான். இந்த வாரத்தோடு அப்பா இறந்து ஒரு வருஷம். எத்தனையோ பேருடைய அப்பாக்களுக்குச் செய்ததை என் அப்பாவுக்குச் செய்ய எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதை எங்கேயாவது எழுதிவைக்காமல் மனசு ஆறாது போலிருக்கிறது. பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். ஊரை மாற்ற மனசு வரவில்லை. படிக்கிறவர்களில் யாருக்காவது என் அக்காவை அடையாளம் தெரிந்தால், தயவுசெய்து இதை அவளிடம் காட்டாதீர்கள்.

2

தொண்ணூற்று மூன்றில் டிப்ளமா முடித்தேன். விழுப்புரம் அப்போதுதான் தனி மாவட்டம் ஆகியிருந்தது. இனி ஊர் முழுக்கக் கட்டடங்கள்தான் என்று நம்பிய ஓர் இன்ஜினியர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஆபீஸ் திறந்து, வரைபடம் போட என்னை வைத்துக்கொண்டார். திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சர் வண்டியில் போய்வருவேன். அப்பா மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலையில் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். என் பையன் இன்ஜினியர் என்று ரயில்வே கேட் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். டிப்ளமாதான் என்று திருத்தப் போனால், "சும்மா இர்றா, அவனுங்களுக்கு இன்னா தெரியும்" என்பார்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான் கோடு போட்ட வீட்டில் பால் காய்ச்சும் நாளில் போய் நிற்பேன். காகிதத்தில் நான் வைத்த ஜன்னல் வழியாக அந்த வீட்டு அம்மா தெருவை எட்டிப் பார்ப்பார். அது போதும் எனக்கு. ஆனால் எல்லாரும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று ஓடின காலம். நானும் சென்னைக்கு ஓடினேன், அங்கிருந்து இங்கே வந்து விழுந்தேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். ஜெசிந்தா அக்கா விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். திண்டிவனம் வீட்டில் அப்பா மட்டும்.

இங்கே ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் வந்தது என்று எழுத வேண்டும். ஒரு வருஷம் முழுக்க அப்படிச் சோதித்த ஒன்றை வெளியே விடாமலேயே கைவிட்டார்கள். கைவிட்ட அன்று எல்லாரையும் கூப்பிட்டுக் கேக் வெட்டினார்கள். நானும் கை தட்டினேன். சம்பளத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சம்பளத்தில்தான் அக்காவின் வீட்டுக்கு மாடி எழும்பியது, இங்கே வீடு வாங்கினோம், அனிட்டா பிறந்தாள். ஆனால் பனிக்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும்போது, இன்றைக்கு நான் வராமல் இருந்திருந்தால் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று தோன்றும். தெரிந்திருக்காது. பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்வியோடு ரயில் ஏறி இறங்கினேன்.

3

என்னை மாற்றியது ஒரு வேட்டி.

ஒரு சனிக்கிழமை எங்கள் பங்குச் சாமியார் போன் செய்தார். வயதான தமிழர் ஒருவர் இறந்துவிட்டார், வேட்டி கட்டித்தான் அடக்கம் செய்ய வேண்டுமென்று சொல்லியிருக்கிறார், மகனுக்கு வேட்டி கட்டத் தெரியாது, ஃபியூனரல் ஹோமில் உள்ளவர்களுக்கும் தெரியாது, நீ ஈஸ்டருக்கு வேட்டி கட்டி வந்தாயே என்றார். ஆக, கோயிலுக்கு வேட்டியோடு போன பாவத்துக்கு நான் மாட்டிக்கொண்டேன்.

அந்த இடத்தை நடத்தியவர் ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. அறுபது வயதிருக்கும். மருத்துவமனை போல வெளிச்சமான அறை. மேசையில் பெரியவர். என் கை நடுங்கியதை ஹெலன் பார்த்திருக்க வேண்டும். பெரியவரைப் பார்த்து, பெயர் சொல்லி, இப்போது உங்களை இடது பக்கம் திருப்பப் போகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரிடம் சொல்கிறார் என்று கேட்டேன். அவரிடம்தான், தொடுவதற்கு முன் சொல்ல வேண்டாமா என்றார்.

நின்றுகொண்டு நமக்கு நாமே வேட்டி கட்டுவது ஒரு விஷயமே இல்லை. படுத்திருப்பவருக்குக் கட்டுவது அப்படியில்லை. முதலில் விரித்துவைத்து, ஒரு பக்கம் திருப்பி அடியில் விட்டு, மறுபக்கம் திருப்பி இழுத்து, இடுப்பில் மடிப்பு வைத்துச் செருக வேண்டும். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. நடுவில் எப்போதோ நானும் பேச ஆரம்பித்திருந்தேன். "ஐயா, கொஞ்சம் திருப்புறேங்க. இதோ முடிஞ்சுதுங்க." நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

மகன் உள்ளே வந்தான். என் வயதுதான் இருக்கும், கோட்டு சூட்டு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கொச்சைத் தமிழில், "அப்பா சண்டே பூசைக்கு ரெடியாகி உக்காந்திருப்பாரு, அதே மாதிரி இருக்காரு" என்று சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதான். விழுப்புரத்தில் பால் காய்ச்சும் வீடுகளில் நின்றதற்குப் பிறகு, நான் செய்த ஒரு வேலையை இன்னொரு மனிதன் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அடுத்த வருஷம் வேலையை விட்டேன். என் மனைவி ரீட்டா வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். செங்கற்பட்டுக்காரி, மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை, ரத்தத்தையும் சளியையும் நாளெல்லாம் பார்க்கிறவள். அவளே, "ஊர்ல இன்னா சொல்லுவீங்க? எங்க அம்மாகிட்ட நான் இன்னா சொல்லுவேன்?" என்று கேட்டு ஒரு மாதம் பேசவில்லை. படிப்புக்கு விண்ணப்பித்த அலுவலகத்தில் என் பழைய சான்றிதழ்களைப் பார்த்த அதிகாரி, தவறான கவுன்ட்டருக்கு வந்துவிட்டீர்களா என்று அக்கறையாகக் கேட்டார். வகுப்பில் எல்லாரும் என் வயதில் பாதி. தேர்வு, பயிற்சி, உரிமம் எல்லாம் முடிந்து ஹெலனிடமே சேர்ந்தேன். சம்பளம் பாதியானது. கேரேஜில் உடை மாற்றி, நேராகக் குளியலறைக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் கூடத்துக்கு வர வேண்டும் என்பது ரீட்டா போட்ட சட்டம். இன்றுவரை அது அமலில் இருக்கிறது.

ஊரில் கம்பெனி மாறிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். மேனேஜராகிவிட்டான் என்று அப்பா அதை ரயில்வே கேட் வரைக்கும் சொல்லிவிட்டார்.

4

அனிட்டாவின் பள்ளி விடுமுறைக்குத் திண்டிவனம் போயிருந்தோம். அக்காவும் அவள் மகள் பிரின்சியும் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பிள்ளையைப் பேசவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்க அப்பா அங்கே என்ன செய்கிறார் என்று யாரோ கேட்டார்கள். அனிட்டாவுக்கு என் வேலையில் பெருமை. பள்ளியில் அதைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கியவள். தெரிந்த தமிழை எல்லாம் திரட்டி, "அப்பா செத்தவங்கள குளிப்பாட்டுவாங்க. சட்டை போடுவாங்க" என்றாள்.

வாசலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காதான் முதலில் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் செய்து தருகிறான், பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை என்று சமாளித்துவிட்டாள். அவர்கள் நம்பினார்களா தெரியாது. அனிட்டா என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஊர்க்காரர்களிடம் அவள் தமிழில் பேசுவதில்லை.

மறுநாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். சண்டை போடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். "அமலு, உனக்குப் புடிச்ச வேலைய நீ பண்ணு, நான் வேணாங்கல. பிரின்சிக்கு எடம் பாத்துக்கினு இருக்கோம். இது மட்டும் வெளிய தெரிஞ்சிது, ஒருத்தன் வாசப்படி ஏற மாட்டான். அவ ஒருத்தி கரையேறட்டும்டா."

நாங்கள் ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகிறது. இருந்தாலும் வரன் என்று வந்தால் முதலில் விசாரிப்பது கோயிலையா, சாதியையா? நம்மூரில் பிணத்தைத் தொடும் வேலையை இன்னாருக்கென்று எழுதி வைத்துவிட்டு, அந்த வேலையைச் செய்வதற்காகவே அவர்களைத் தள்ளியும் வைக்கிறோம். குழி வெட்டுகிற சூசை என் அப்பாவைவிட மூத்தவர். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடும். குளிப்பாட்ட வரும்போது அவருக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்துவிடுவது வழக்கம், குடிக்காமல் அந்த வேலையை எவன் செய்வான் என்று. நான் ஒரு காப்பி குடித்துவிட்டுச் செய்கிறேன். இதையெல்லாம் அக்காவிடம் சொல்லலாம்தான். பிரின்சி உள்ளே அனிட்டாவுக்குப் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். சரிக்கா என்றேன்.

அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"மெய்யாலுமே பாடியத் தொட்டுக் கழுவுறியா?"

ஆமாம்பா என்றேன்.

"பயமா இல்ல?"

முதல் நாள் கை நடுங்கியது, இப்போது இல்லை என்றேன். என்னவெல்லாம் செய்வாய் என்று கேட்டார். சொன்னேன். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைப்பது, தலை சீவுவது, முகச்சவரம், நகம் வெட்டுவது, தொடுவதற்கு முன் அவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடுவது, எல்லாம். கம்பத்தில் கரண்ட் அடித்துத் தொங்கிய கூட்டாளி ஒருவரை அந்தக் காலத்தில் தானே இறக்கியதாகவும், அவருடைய வீட்டுக்காரம்மா பார்ப்பதற்குள் முகத்தையாவது துடைக்கலாமென்று போனபோது மற்றவர்கள் தொடவிடவில்லை என்றும் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் அதை என்னிடம் சொன்னதே இல்லை. பிறகு, "அப்போ எனக்கு நீயே செஞ்சிடு. இந்த சூசை பையன் மாட்டக் கழுவுற மாதிரி மொண்டு மொண்டு ஊத்துவான்" என்றார்.

இருவரும் சிரித்தோம். வாயில் இருந்த பேஸ்ட் எனக்குப் புரையேறிவிட்டது. செய்றேன்பா என்றேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

5

போன வருஷம் அக்கா போன் செய்தபோது நான் வேலையில் இருந்தேன். காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இவ்வளவு சுகமான சாவு யாருக்கும் வந்ததில்லை.

நான் குடியுரிமை மாறியவன். சொந்த அப்பாவைப் புதைக்க இன்னொரு நாட்டுக்காரனாக விசா கேட்டு நிற்க வேண்டும். என் வெளிநாட்டு இந்தியர் அட்டையோடு பழைய பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டுமென்பது விதி, அந்தப் பாஸ்போர்ட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அவசர விசாவுக்கு ஓடினேன். இங்கே இறக்கும் நம்மவர்களின் உடலை ஊருக்கு அனுப்பும் காகிதங்களோடு அடிக்கடி நான் போய் நிற்கும் அதே கவுன்ட்டர்தான். அங்கே இருந்தவருக்கு என்னைத் தெரியும். இன்றைக்கு யாருடைய பேப்பர் என்று சாதாரணமாகக் கேட்டார். என் அப்பாவுடையது என்றேன். எழுந்து நின்றுவிட்டார், பாவம். அவர் என்னதான் ஜல்தியாகச் செய்துகொடுத்தும் ஒரு நாள் போய்விட்டது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல், நாற்காலிகள். கூடத்தில் வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டி. கண்ணாடிக்குள் அப்பா. வாய்க்கட்டை யாரோ சரியாக இறுக்காமல் கட்டியிருந்தார்கள், அது நழுவிக் காதோரம் கிடந்தது. வாய் திறந்திருந்தது. நன்றாகத் திறந்திருந்தது. பொய்ப்பல் இல்லாமல், கன்னம் ஒட்டி, என் அப்பாவைப் போலவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அந்த வாயைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா, "புள்ள பேர சொல்லிக்கினே போயிட்டாரு போல, வாய் மூடவே இல்ல பாரு" என்று அழுதார்.

எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. வேலைதான் ஓடியது. வெந்நீர் வேண்டும், துணி வேண்டும். தாடை மூட்டை இரண்டு பக்கமும் ஒற்றிப் பிடித்துவிட்டால் இளகிக் கொடுக்கும். மிச்சத்துக்கு வேண்டியது என் கைப்பையில் இருந்தது. அப்பாவுக்குச் செய்வதற்கென்றே கொண்டுவந்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் என்னை அவரோடு விட்டால் போதும்.

அக்காவை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அழுது வீங்கிய முகத்தோடு ஜன்னல் வழியாகப் பந்தலைக் காட்டினாள். பிரின்சியைப் பேசி முடித்திருந்த விக்கிரவாண்டி சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலில் கல்யாண ஓலை எழுத ஒரு மாதம்தான் இருந்தது. "நீ கதவ சாத்திக்கினு உள்ள இருந்தா இன்னா ஏதுன்னு கேப்பாங்கடா. ஏற்கெனவே உன் பொண்ணு அன்னிக்குச் சொன்னது அரசல்புரசலா சுத்திக்கினு இருக்கு. உன் கால்ல உழறேன் அமலு. எல்லாரும் பண்றாப்பல ஒரு சொம்பு ஊத்திட்டுத் தள்ளி நின்னுக்கோ."

அப்பா என்னிடம் கேட்டதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவள் உடைந்துவிடுவாள் என்று தோன்றியது. அதனால் சொல்லவில்லை.

பின்பக்கம் பெஞ்சு போட்டு, புடவையைத் திரையாகப் பிடித்துக் குளிப்பாட்டினார்கள். ஆண்கள் மட்டும். சூசை ஏற்கெனவே வாங்கிக் கொடுத்ததைக் குடித்திருந்தார். பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டுதான் ஊற்றினார். என் முறை வந்தது. சொம்பை வாங்கினேன். அப்பாவின் தலை பெஞ்சின் விளிம்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இத்தனை வருஷப் பழக்கம். இடது கை தானாகவே கழுத்துக்கு அடியில் போய்த் தலையை ஏந்திக்கொண்டது. வாயும் தானாகப் பேசியது. "அப்பா, தல தூக்குறேன்பா. தண்ணி ஊத்தப் போறேன்." அழுகிற குரலில் வந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இது வேலை செய்கிறவன் குரல். திரைக்குள் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, அப்பாவின் கழுத்துக்கு அடியில் இருந்த என் கையைப் பார்த்தார். அக்காவின் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

கையை உருவிக்கொண்டேன். அப்பாவின் தலை பலகையில் இடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, அங்கிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. சொம்புத் தண்ணீரை மார்பில் ஊற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். சூசை தோளிலிருந்த துண்டை எடுத்து அப்பாவின் தலைக்கு அடியில் மடித்து வைத்தார்.

சாமியார் வந்து புனித நீர் தெளித்து மந்திரித்தார். கையில் ஜெபமாலை சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். வாயை மறைக்க ரோஜாப்பூவைக் கொஞ்சம் முகத்தோரம் குவித்துப் பார்த்தார்கள். மறையவில்லை. மூடியை இறக்கும் வரைக்கும் அப்பா வாயைத் திறந்தபடியேதான் இருந்தார்.

6

பிரின்சி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு என்று அக்காவே சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டேன். போட்டோ அனுப்பினாள். பிரின்சி முகத்தில் சிரிப்பு இருந்தது, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். போதவில்லை என்பது வேறு விஷயம்.

நான் வேலைக்குப் போய்வருகிறேன். இந்த வேலையைத் தேடி வந்ததற்காக ஒருநாளும் வருந்தியதில்லை, இப்போதும் வருந்தவில்லை. ஆனால் வயதான தமிழர் யாராவது மேசைக்கு வந்தால், இந்த ஒரு வருஷமாக என்னால் அவரிடம் பேச முடிவதில்லை. சொல்லாமலேயே தொடுகிறேன், சொல்லாமலேயே திருப்புகிறேன். ஹெலன் அதைக் கவனித்திருக்கிறார். அனிட்டா தன் வேலை என்னவாக இருக்கும் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறாள். என் வேலையைச் செய்யப்போவதாகச் சின்ன வயதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தப் பேச்சில்லை.

நேற்று அப்பாவின் வருஷப் பூசை. எனக்குக் காலை நேரம், கேரேஜில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா போன் செய்தாள். பூசைக்கு யார் யார் வந்தார்கள், பிரின்சிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, வெயில் தாங்கவில்லை என்று பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அமலு, உன் வேலையில இதெல்லாம் பாத்திருப்ப இல்ல?"

என் வேலையைப் பற்றி அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா வாய் அப்படியே தொறந்து கெடந்துச்சே. எனக்குக் கனவுல வந்தாக்கூட அப்படியேதான்டா வர்றாரு. ஏதோ சொல்ல வந்தாரு சொல்லாமயே போயிட்டாருன்னு ஊரே பேசிச்சு. நிஜமாவே அப்படியா?"

அதெல்லாம் ஒன்றுமில்லை, உயிர் போனதும் தாடை தளர்ந்துவிடும், எல்லாருக்கும் அப்படித்தான், அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது என்று விளக்கமாகச் சொன்னேன். இது உண்மை. ம் ம் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது.

"அன்னிக்கு நான் உன்ன தடுக்காம இருந்திருந்தா, நீ அத மூடி இருப்பியா?"

இந்தத் தொழிலில் ஹெலன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, இறந்தவரின் வீட்டாரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது. நான் சொன்னதும் இல்லை. மூடியிருப்பேன். பொய்ப்பல்லை வைத்து, கன்னத்தை நிரப்பி, ரயில்வே கேட்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த முகத்தைக் கொண்டுவந்திருப்பேன். அக்கா அதைத்தான் கனவில் பார்த்திருப்பாள். அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"இல்லக்கா. ஐஸ் பெட்டியில வெச்சப்புறம் யாராலயும் முடியாது. நான் கை வெச்சிருந்தாலும் அவ்ளோதான்."

"நெஜமாவா?"

"நெஜமாக்கா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்கா சிரித்தாள். அப்பா போனதிலிருந்து அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

"செத்தவங்க வாய மூடக்கூடத் தெரில. இதுக்குத்தான் இருந்த வேலைய உட்டுட்டு அங்க போயி படிச்சியாடா?"

ஆமாக்கா என்றேன்.